சூரியன் உச்சத்தில் நின்றால் மேல்வானத்து ஐதரசன் கூடுமா?

கேள்வி: முறிகண்டிப் பெடியன்
2024 ஒக்டோபர் 18, மாலை 6.15

அண்ணை, ஒரு வீடியோ பார்த்தேன். சூரியன் 11 வருடச் சுற்றின் உச்சத்துக்கு வந்துவிட்டதாம். அதனால் பூமியைச் சுற்றியிருக்கிற ஐதரசன் கூடிப்போய் இரவில் சிவப்பாக எரிகிறதாம். போன கிழமை வியாழன் இரவு கொக்காவில் பக்கம் வானம் கொஞ்சம் சிவந்திருந்ததை நானும் கண்டேன். ஐதரசன் எரிந்தால் தண்ணீர்தானே வரவேண்டும்? சிரிக்க வேண்டாம், அடுத்த மாதம் உயர்தரச் சோதனை. உண்மையா பொய்யா?

2024 ஒக்டோபர் 18, இரவு 9.40

பதில்: எரியவில்லை. எரிவதற்கு ஒன்றோடொன்று முட்டவேண்டும். 500 கிலோமீற்றருக்கு மேலே ஓர் ஐதரசன் அணு கிளிநொச்சியிலிருந்து வவுனியா போகிற தூரம் ஓடினாலும் இன்னோர் அணுவை முட்டாது. அது ஒளிர்கிறது, அவ்வளவுதான். மற்றபடி சூரியன் கூடினால் மேலே ஐதரசனும் கூடும், ஒளியும் கூடும். அந்தளவில் வீடியோ சரி.

கொக்காவிலில் நீ கண்டது அங்கே நிற்கிற 174 மீற்றர் கோபுரத்தின் சிவப்பு லைட். முகில் தாழ்ந்து வந்தால் அப்படித்தான் இருக்கும்.

2024 ஒக்டோபர் 18, இரவு 11.55

படுத்துவிட்டு எழும்பி வந்து எழுதுகிறேன். மேலே சொன்னதில் பாதி பிழை. ஒளி கூடும், அது சரி. ஐதரசன் கூடாது. அது ஒளிரத் தொடங்குகிற உயரத்தில் நேர் எதிராகக் குறையும். விடிய எழுதுகிறேன். பிழையை அழிக்கப் போவதில்லை, கிடக்கட்டும்.

2024 ஒக்டோபர் 19, காலை 5.30

முதலில் ஒளியைப் பார்ப்போம். ஐதரசனின் இலத்திரன் வழக்கமாக முதலாம் சக்தி மட்டத்தில் கிடக்கும். சூரியனிலிருந்து 102.57 நனோமீற்றர் அலைநீளத்தில் வருகிற கழியூதாக் கதிர் அதை மூன்றாம் மட்டத்துக்குத் தூக்கும். அந்தக் கதிருக்குப் பெயர் லைமன்-பீட்டா. தூக்கிய இலத்திரன் விழவேண்டுமே. 100 தடவையில் 88 தடவை நேரே முதலாம் மட்டத்துக்கே விழுந்து, வந்த கதிரை அப்படியே திருப்பிவிடும். மிச்சம் 12 தடவை இரண்டாம் மட்டத்தில் ஒரு கால் வைக்கும். மூன்றிலிருந்து இரண்டுக்கு விழுகிற அந்த விழுகையில்தான் 656.28 நனோமீற்றர் சிவப்பு வருகிறது. உன் புத்தகத்தில் பாமர் தொடரின் முதல் கோடு. தரையில் நிற்பவனுக்கு இந்தக் கோடுதான் கிடைக்கும். லைமன் கதிர்களெல்லாம் வளிமண்டலத்து ஒட்சிசனில் பட்டு மேலேயே செத்துப்போகும்.

ஆகவே ஒளியின் அளவு இரண்டு விஷயத்தில் தங்கியிருக்கிறது. அங்கே எத்தனை அணு இருக்கிறது, அவற்றின் மேல் எவ்வளவு லைமன்-பீட்டா விழுகிறது. நேற்று நான் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டேன்.

சூரியனின் மொத்த வெளிச்சம் ஒரு சுற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும்தான் மாறும். (இந்த வெக்கைக்குச் சூரிய உச்சம்தான் காரணம் என்று தேநீர்க்கடையில் சொல்கிறவர்களுக்கு இது போதும்.) ஆனால் கழியூதாவின் கடைசி ஓரத்தில் ஆட்டம் பெரிது. லைமன்-அல்ஃபா எனப்படும் 121.6 நனோமீற்றர் கதிர் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஏறி இறங்கும். பீட்டாவும் அதோடு கூடவே ஏறும், இறங்கும். அதாவது உச்சத்தில் விளக்குத்திரி நீள்கிறது. அதனால்தான் ஒளி கூடுகிறது.

ஐதரசன் ஏன் குறைகிறது என்பதைப் பின்னேரம் எழுதுகிறேன். வயலுக்குப் போகவேண்டும்.

2024 ஒக்டோபர் 19, இரவு 8.20

வவுனிக்குளத்தை நினைத்துக்கொள். பாலியாறு ஒரே அளவில் வந்துகொண்டிருக்கிறது, துருசு பாதி திறந்திருக்கிறது, குளம் ஒரு மட்டத்தில் நிற்கிறது. இப்போது துருசை முழுக்கத் திறந்தால் மட்டம் இறங்கும். ஆறு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாசல்தான் பெருத்தது.

மேல்வானத்தில் துருசு என்பது சூடு. சூரியன் அடங்கிய காலத்தில் அந்த உயரத்து வெப்பநிலை ஏறக்குறைய 700 கெல்வின். உச்சத்தில் 1200 கெல்வின் வரை, சிலவேளை அதற்கும் மேலே போகும். 1000 கெல்வினில் ஐதரசன் அணு செக்கனுக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் திரிகிறது. 500 கிலோமீற்றர் உயரத்திலிருந்து பூமியை விட்டுத் தப்பிப்போக 10.8 கிலோமீற்றர் வேகம் வேண்டும். பெரும்பாலானவைக்கு அந்த வேகம் இல்லை. ஆனால் கூட்டத்தில் சில அணுக்கள் எப்போதும் மற்றவற்றைவிட வேகமாக ஓடும். சூடு கொஞ்சம் கூடினால் அந்தச் சிலது பலதாகும். தப்பிப் போவது லேசானால் நிற்பது குறையும். ஒட்சிசன் அணு இதைவிட 16 மடங்கு பாரம், அது தப்பாது.

கீழிருந்து வருகிற ஐதரசன் சூரியனைக் கேட்டு வருவதில்லை. அது கனமான காற்றை ஊடுருவி மெதுவாக மேலே வரவேண்டும், அந்த வேகம்தான் கட்டுப்பாடு. ஆகவே உச்சமோ தாழ்வோ, பூமி செக்கனுக்கு ஏறக்குறைய 3 கிலோ ஐதரசனை வெளிக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. மாறுவது குளத்து மட்டம்.

2024 ஒக்டோபர் 19, இரவு 8.31

3 கிலோ என்றால் ஒரு கொத்து அரிசியை விடக் கூட. கவலைப்படாதே, கடல் இருக்கிறது.

2024 ஒக்டோபர் 21, காலை 6.05

"துணுக்காய்க்காரன்" கேட்டிருக்கிறார்: துருசை அகலத் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் கூட ஓடும்தானே, பிறகெப்படி வெளியேற்றம் மாறாது என்கிறீர்? நீர்ப்பாசனத்தில் வேலை பார்த்தவர். பதில் சொல்லாமல் விடமாட்டார்.

திறந்த உடனே கூடத்தான் ஓடும். மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து, கடைசியில் ஆறு தருகிற அளவே வாய்க்காலில் ஓடும். அந்தச் சமநிலையைத்தான் சொன்னேன். சூரியச் சுற்றுக்கு 11 வருடம் இருக்கிறது, சமநிலைக்கு வர அது தாராளம்.

ஆனால் அவர் கேட்டதால் என் உதாரணத்தில் இன்னோர் ஓட்டை தெரிந்தது. வாசல் ஒன்று மட்டும் இல்லை. சூடான புரோத்தன் (இலத்திரனை இழந்த ஐதரசன்) ஒன்று, காந்தப் புலத்தில் கட்டப்பட்டுச் சுற்றுகிற ஒன்று, ஓர் ஐதரசன் அணுவிடமிருந்து இலத்திரனைப் பறித்துக்கொண்டால் ஏற்றம் தீர்ந்து அதுவே நடுநிலை அணுவாகிவிடும். காந்தக் கயிறு அறுந்துவிடும். வேகம் அப்படியே இருக்கும். நேரே வெளியே போய்விடும். சூரியன் அடங்கி வானம் குளிர்ந்திருக்கிற காலத்தில் இந்த வழியின் பங்குதான் பெரிது. துருசைச் சாத்தினால் வான் பாய்கிற மாதிரி. உதாரணத்தை இதற்கு மேல் இழுக்கமாட்டேன், கட்டு உடைந்துவிடும்.

2024 ஒக்டோபர் 24, இரவு 10.10

சரி, அளந்து பார்த்தார்களா? பார்த்தார்கள். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஆட்கள் பல பத்து வருடமாக இந்த ஒரு சிவப்புக் கோட்டின் பின்னாலேயே திரிகிறார்கள். வாம் என்று ஒரு கருவி, அரிசோனாவில் கிற் பீக் மலையில் 2008 வரை நின்றது, 2009இல் சிலிக்குப் போனது. அது கட்டப்பட்டதே இதற்காக இல்லை. நம் பால்வீதியில் பரவிக் கிடக்கிற ஐதரசனை வரைபடமாக்கத்தான் அதைக் கட்டினார்கள். பூமியின் ஐதரசன் அதே அலைநீளத்தில் நடுவே வந்து நின்று அவர்களுக்குத் தொல்லை கொடுத்தது. அந்தத் தொல்லையை எடுத்துக்கொண்டுதான் சூசன் நொசால் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 23ஆம் சூரியச் சுற்று (1996 முதல் 2008 வரை) முழுவதற்கும் கணக்கு வைத்தார்கள். வரம்பில் முளைக்கிற பொன்னாங்காணி கமக்காரனுக்குக் களை, என் மனைவிக்குக் கறி.

கணக்கு என்ன சொன்னது? நடுத்தர நிழல் உயரத்தில், அதாவது 3000 கிலோமீற்றர் அளவில், உச்சகாலத்து ஒளி தாழ்வுகாலத்தைவிட சுமார் 45 சதவீதம் கூட.

நிழல் உயரம் என்றால் என்ன என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பொழுதுபட்டு முற்றம் இருட்டான பிறகும் பனை வட்டில் மட்டும் வெயில் நிற்கும். கொஞ்சம் போனால் வட்டிலும் இல்லை, மேலே பறக்கிற பருந்தில் மட்டும் நிற்கும். இன்னும் போனால் முகிலில். அப்படியே பூமியின் நிழல் ஏறிக்கொண்டே போகும். இரவு 8 மணிக்குத் தலைக்கு மேலே பார்த்தால் ஏதோ ஓர் உயரத்துக்கு மேல்தான் வெயில் இருக்கும். அந்த உயரம்தான் நிழல் உயரம். நள்ளிரவுக்கு அது எங்கேயோ போய்விடும். ஒரே இடத்தில் நின்று இரவு முழுக்கப் பார்த்தால் ஐதரசனை அடுக்கடுக்காக உரித்துப் பார்க்கலாம், வெங்காயம் மாதிரி.

2024 ஒக்டோபர் 25, காலை 7.00

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். வடிவாகப் பார்த்தால் அந்த 45 சதவீதத்துக்குள்ளேயே இரண்டு பேர் கயிறு இழுக்கிறார்கள். விளக்கு கூடுகிறது, கீழ்மட்டத்தில் அணு குறைகிறது. ஆனால் இருக்கிற அணுக்கள் சூட்டில் இன்னும் உயரத்துக்கு எழும்பிப் பரவுகின்றன. 500 கிலோமீற்றரில் குறைந்தது, சில ஆயிரம் கிலோமீற்றருக்கு மேலே அந்தளவு குறைவதில்லை. ஆகவே தம்பி, "ஐதரசன் கூடுமா குறையுமா" என்று கேட்டால் எந்த உயரத்தில் என்று திருப்பிக் கேட்கவேண்டும். அன்றைக்கு நான் கேட்கவில்லை.

ஒளி கூடினால் சாமான் கூடியது என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. நான் 15 வருடம் றேடியோ திருத்தியவன். சத்தம் கூடினால் அலை பலமாக வருகிறது என்று நினைத்து, பிறகு பார்த்தால் அது பழுதான மின்தடை. படித்தும் அதே பிழை.

2024 ஒக்டோபர் 25, இரவு 9.15

றேடியோ என்றதும் ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

90களில் மல்லாவியில் ஒரு கொட்டில் போட்டு றேடியோ திருத்தினேன். வன்னியில் கறண்ட் இல்லை, பற்றறியை உள்ளே விட மாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒரு பெடியன் மிதிக்க, டைனமோவிலிருந்து வருகிற கறண்டில் பிபிசி தமிழோசை கேட்போம். மிதிக்கிற பெடியன் களைத்தால் செய்தி வாசிப்பவருக்கும் குரல் அமுங்கும். 2017 ஏப்ரல் 30ஆம் திகதி சிற்றலையில் தமிழோசை நின்றபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தச் சைக்கிள் சில்லுத்தான்.

1996, 97இல் உயர் அதிர்வெண் பட்டிகள் செத்துக் கிடந்தன. முள்ளைத் திருப்பினால் இரைச்சல் மட்டும். 2000ஆம் ஆண்டு வந்தபோது 16 மீற்றர், 13 மீற்றர் பட்டியில் எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் பேசினார்கள். எனக்கு மொழி விளங்காது, இருந்தாலும் திருத்திய செற்றைச் சோதிக்க அதுதான் வசதி. அப்போது சூரியச் சுற்று என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. செற் நன்றாக வேலை செய்கிறது, கை ராசி என்று நினைத்தேன். வாடிக்கையாளரும் அப்படித்தான் நினைத்தார்கள், நான் திருத்தவில்லை. ஐதரசனின் செல்வாக்கு அப்போதே என் கொட்டிலுக்குள் வந்திருக்கிறது.

2024 ஒக்டோபர் 26, காலை 6.40

கடைசி வரியை எடுத்துவிடுங்கள். சிற்றலையைத் திருப்பி அனுப்புவது அயனமண்டலத்தின் மேற்படையில் இருக்கிற இலத்திரன்கள். அவை பெரும்பாலும் ஒட்சிசன் அணுவிலிருந்து கழன்றவை. ஐதரசனுக்கும் என் கை ராசிக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஆட்டுவது ஒரே சூரியன், அவ்வளவுதான்.

2024 நவம்பர் 2, இரவு 7.50

ஸ்கைலாப் ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள். 1979 ஜூலை. எனக்கு 9 வயது. அமெரிக்காவின் விண்வெளி நிலையம் எங்கள் தலையில்தான் விழப்போகிறது என்று ஊரெல்லாம் கதை. ஆச்சி முட்டை போடுகிற கோழியை அடித்துக் கறி வைத்தா. "விழுந்தால் கோழியும் போகும், நாங்களும் போவோம், கறியாவது மிஞ்சட்டும்." 11ஆம் திகதி அது இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் விழுந்தது. ஆச்சி அடுத்த நாள் முட்டை கடன் வாங்கப் போனா.

அது ஏன் நினைத்ததைவிட முன்னதாக விழுந்தது? அந்தச் சூரியச் சுற்று எதிர்பார்த்ததைவிடச் சுறுசுறுப்பாக எழும்பி, மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி வீங்க வைத்தது. நிலையத்துக்கு உராய்வு கூடியது. 2022 பெப்ரவரியில் புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் 38 விழுந்ததும் இதே கதைதான், அது ஒரு சிறிய காந்தப் புயல்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். 400 கிலோமீற்றரில் சூடு கூடினால் ஒட்சிசன் அடர்த்தி கூடும், செய்மதிக்கு ஆபத்து. அதே சூட்டில் ஐதரசன் அடர்த்தி குறையும். ஒரே அடுப்பு. பால் பொங்கி வழியும்போது தண்ணீர் வற்றிப்போகிற மாதிரி.

2024 நவம்பர் 3, காலை 6.10

பால் உதாரணம் சரியில்லை. விட்டுவிடுங்கள். மனைவியும் அதையே சொன்னா.

2024 நவம்பர் 9, இரவு 11.30

"கண்ணால் பார்க்க முடியுமா?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முடியாது. இந்தச் சிவப்பு ஒரு சில ரேலி, மிஞ்சினால் பத்துப் பதினைந்து. ரேலி என்பது வான ஒளியை அளக்கிற அலகு. இரவில் கண்ணுக்கு ஏதாவது தட்டுப்பட ஏறக்குறைய 1000 ரேலி வேண்டும். போதாக்குறைக்கு இருட்டில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பே சரியாகத் தெரியாது. இந்த வருடம் மே மாதம் லடாக்கில் ஹான்லே வானத்தில் படம் பிடித்த சிவப்பு ஒட்சிசனுடையது, 630 நனோமீற்றர். அதுவும் காந்தப் புயலால் வந்தது. இரண்டும் சிவப்பு என்றபடியால் வீடியோக்காரர் குழப்பியிருக்கிறார்.

வன்னியின் இருட்டு எனக்குத் தெரியும். 20 வருடம் தெருவிளக்கு இல்லாமல் இருந்த நாடு. குப்பி விளக்கை ஊதி அணைத்துவிட்டு வெளியே வந்தால் பால்வீதிக்கு நிழல் விழுமோ என்று தோன்றும். ஆனால் அந்த வானம் ஒருபோதும் முழுக் கறுப்பு இல்லை, சாம்பல் பூசின மாதிரி ஒரு வெளுப்பு இருக்கும். ஒரு பங்கு நட்சத்திர வெளிச்சம், ஒரு பங்கு காற்றே ஒளிர்வது. அதில் ஐதரசனின் பங்கு துளி.

2008இல் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டோம். அந்த வருடம் சூரியனில் 266 நாள் ஒரு கரும்புள்ளிகூட இல்லை என்று பிறகு வாசித்தேன். மேல் வளிமண்டலம் அளக்கத் தொடங்கிய பிறகு கண்டிராத அளவுக்குக் குளிர்ந்து சுருங்கியிருந்ததும் அந்தக் காலம்தான். அந்த இரவுகளில் நாங்களும் வானத்தை அண்ணாந்து பார்த்தபடிதான் இருந்தோம். வேறு காரணத்துக்கு.

2024 நவம்பர் 29, மத்தியானம் 2.20

மழை. வரம்பு எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை. உயர்தரச் சோதனையையும் நிறுத்திவிட்டார்கள், டிசம்பர் 4இல் திரும்பத் தொடங்கும் என்கிறார்கள். முறிகண்டித் தம்பி, இந்த நாலு நாளும் இங்கே வந்து வாசிக்காமல் புத்தகத்தைப் பார். பாமர் தொடர் வந்தால் எழுதிவிடு, குளத்தையும் கோழியையும் எழுதாதே.

2024 டிசம்பர் 15, இரவு 9.00

சோதனை நடந்துகொண்டிருக்கிறபடியால் தம்பி இல்லை. பெரியவர்கள் பேசலாம்.

எனக்கு உண்மையில் பிடித்த பகுதி இது. மேல்வானத்து ஐதரசன் எங்கிருந்து வருகிறது? நீராவியும் மெதேனும். கீழ்க்காற்றிலிருந்து நீராவி ஏறுவது கடினம், பாதி வழியில் குளிரில் உறைந்து விழுந்துவிடும். மெதேன் உறையாது. படைமண்டலம் வரை ஏறி, ஒட்சிசனோடு சேர்ந்து அங்கே வைத்தே தண்ணீராகும். அந்தத் தண்ணீரை 80 கிலோமீற்றர் அளவில் லைமன்-அல்ஃபா உடைத்து ஐதரசனை எடுக்கும். அதன் பிறகுதான் நான் முன்னே சொன்ன மெதுவான ஏற்றம்.

மெதேன் எங்கிருந்து? நிலக்கரி, எரிவாயு, மாடு, குப்பைமேடு, அதோடு நெல் வயல். தண்ணீர் கட்டின சேற்றில் காற்றில்லாமல் வாழ்கிற நுண்ணுயிர்கள் செய்கிறவை. நடுவயலில் கால் வைத்தால் புளுக் புளுக் என்று குமிழ் வருமே, அது. நெற்பயிரின் தண்டு வழியாகவும் புகைபோக்கி மாதிரி வெளியேறும். மனிதரால் வருகிற மெதேனில் நெல்லின் பங்கு சுமார் 8 சதவீதம். தொழிற்சாலைக் காலத்துக்கு முன் காற்றில் 100 கோடி மூலக்கூறுக்கு 700 அளவில் இருந்த மெதேன் இப்போது 1900ஐத் தாண்டிவிட்டது.

அதாவது என் இரண்டு ஏக்கரில் வருகிற குமிழில் எங்கேயோ ஒன்று, பல வருடம் கழித்து, பூமியின் ஐதரசன் போர்வையில் ஓர் அணுவாக நிற்கலாம். அந்தப் போர்வை எவ்வளவு தூரம் தெரியுமா? சூரியனைப் பார்க்கிற சோஹோ செய்மதியின் பழைய அளவீடுகளைக் கிண்டி 2019இல் சொன்னார்கள்: 6,30,000 கிலோமீற்றர் வரை. சந்திரன் அதற்குள்ளேதான் சுற்றுகிறது.

2024 டிசம்பர் 16, காலை 5.50

துணுக்காய்க்காரர் விடவில்லை. "அப்படியானால் மெதேன் கூடக்கூட மேலே ஐதரசன் கூடவேண்டுமே, கண்டுபிடித்தார்களா?"

இதுதான் கஷ்டமான இடம். சூரியன் 11 வருடத்துக்கு ஒருதடவை மட்டத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறது. அதற்கடியில் மெதுவாக நடக்கிற ஏற்றத்தைப் பிடிக்கவேண்டும். குளம் தூர்ந்துபோகிறதா என்று ஒரு மாரியையும் ஒரு கோடையையும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரே மாதிரி மழை பெய்த இரண்டு வருடத்தை எடுத்துப் பார்க்கவேண்டும். அதே மாதிரி ஒரு சுற்றின் உச்சத்தை இன்னொரு சுற்றின் உச்சத்தோடு, தாழ்வைத் தாழ்வோடு ஒப்பிடவேண்டும். 23ஆம் சுற்றின் உச்சத்தில் கரும்புள்ளி எண் 180, அடுத்ததில் 116. ஒரே மாதிரி மழை எங்கே கிடைக்கிறது?

அளவுகோலும் மாறக்கூடாது. இரணைமடுவில் வான் பாயும் மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தினார்கள். அதைத் தெரியாதவன் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் வைத்துப் பார்த்தால் மழை கூடிவிட்டது என்பான். வாம் ஆட்கள் இதற்காக ஒவ்வொரு தடவையும் மாறாத ஒரு நெபுலாவைப் பார்த்து அளவைச் சரிபார்க்கிறார்கள். வட அமெரிக்க நெபுலா, அன்னப் பறவைக் கூட்டத்தில் இருக்கிறது. அது எங்கள் வானத்திலும் ஏறும்.

2025 ஜனவரி 30, இரவு 10.45

ஒரு சின்ன அவமானம். ஐதரசன் சிவப்பை மட்டும் விடுகிற வடிகட்டி என்று இணையத்தில் ஒன்றைக் கண்டு வாங்கினேன். மருமகனின் கமெராவில் பூட்டி, முற்றத்தில் வாங்கை வைத்து, ஒரு மணித்தியாலம் வானத்தைப் பிடித்தேன். படத்தில் ஓர் ஓரம் அழகான சிவப்பு. இரவு 1 மணிக்கு மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவ பார்த்துவிட்டு இன்வேர்ட்டரின் சிவப்பு லைட்டில் ஒரு துணியைப் போட்டா. அடுத்த படத்தில் சிவப்பு இல்லை. வந்தது வடிகட்டியும் இல்லை, வெறும் சிவப்புக் கண்ணாடி.

சரியான வடிகட்டி கிடைத்திருந்தாலும் நடக்காது. பூமியின் கோடும் பால்வீதியின் கோடும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. பூமி சூரியனைச் சுற்றுகிற வேகத்தால் வருகிற நூலிழை விலகலை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அதற்கு இரண்டு கண்ணாடித் தட்டுக்கு நடுவே ஒளியை ஓடவிட்டுப் பிரிக்கிற ஃபாப்ரி-பெரோ என்ற கருவி வேண்டும். கமெராவும் வாங்கும் போதாது.

2025 பெப்ரவரி 22, காலை 6.30

அறுவடை. ஒரு கிழமைக்கு வரமாட்டேன். வயல் வற்றிவிட்டது, குமிழ் இல்லை.

2025 மே 4, இரவு 8.00

பெறுபேறு வந்து ஒரு கிழமையாகிறது. தம்பி பௌதிகத்தில் சித்தி. பாமர் தொடர் வந்ததா என்று கேட்டேன். வரவில்லையாம்.

2025 செப்டம்பர் 25, இரவு 9.30

இழை தூங்கிவிட்டது என்று தெரியும், இருந்தாலும் இதை இங்கேதான் எழுதவேண்டும். நேற்று எங்கள் நேரம் பின்னேரம் 5 மணிக்கு ஒரு விண்கலம் ஏவினார்கள், பெயர் கரதர்ஸ். முழு வேலையும் பூமியின் ஐதரசன் போர்வையைப் பார்ப்பதுதான். 15 லட்சம் கிலோமீற்றர் தள்ளிச் சூரியன் பக்கம் நின்று பார்க்கப்போகிறது. போர்வைக்குள் நின்றுகொண்டு போர்வையைப் படம் பிடிக்க முடியாதல்லவா. ஜோர்ஜ் கரதர்ஸ் 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16இல் ஒரு கமெராவைச் சந்திரனுக்கு அனுப்பி இந்த ஒளியை முதல் தடவை வெளியிலிருந்து படம் எடுத்தவர். அந்தக் கமெரா இன்னும் சந்திரனில்தான் நிற்கிறது. 2019இல் சொன்ன கணக்கின்படி பார்த்தால் அது அன்றைக்கும் போர்வைக்குள்ளே நின்றுதான் எடுத்திருக்கிறது.

ஏவுவதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலெழும்பி ஒரு நிமிடம்கூட இல்லை, கறண்ட் போய் வைஃபை நின்றுவிட்டது. மிச்சத்தை முற்றத்தில் இருந்து கற்பனை செய்தேன்.

இன்னொன்று. இந்தச் சுற்றின் உச்சம் எந்த மாதம் என்ற கணக்கு இப்போது வந்திருக்கிறது. பல மாதத்துப் புள்ளிகளைச் சராசரி எடுத்தபிறகுதான் அது தெரியவரும். சராசரிப் புள்ளி எண் 161, மாதம் 2024 ஒக்டோபர். தம்பி, நீ கேட்ட மாதம். இப்போது இறங்குகிறது. உன் துருசு சாத்திக்கொண்டு வருகிறது, மட்டம் ஏறும், வெளிச்சம் மங்கும். தாழ்வு வர இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கிறது. நீ அப்போது வேலையில் இருப்பாய், வந்து இந்த முதல் பதிலைத் திருத்திவிட்டுப் போ.